நேரு வீதிப் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸ்

1989-ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, கலர் டி.வி. வாங்குவதற்காக அப்பா என்னையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு கடலூரிலிருந்து பாண்டிக்குப் பேருந்து ஏறினார். திருப்பாதிரிப்புலியூரிலேயே டி.வி. கடைகள் இருந்தன. ஆனால் அதே நிறுவனத்தின் அதே டி.வி. பாண்டியில் சில நூறு ரூபாய் குறைவு என்பதும், அந்த மிச்சத்தில் ஆன்டெனாவும் அதை மாட்டுவதற்கான இரும்புக் குழாயும் வந்துவிடும் என்பதும் அப்பாவின் கணக்கு. ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, ரெட்டிச்சாவடி முடிந்து முள்ளோடை வந்ததுமே சாராயக்கடைப் பலகைகள் தொடங்கிவிடும். அதை வைத்துத்தான் எல்லை கடந்துவிட்டோம் என்று சிறுவர்கள் நாங்கள் தெரிந்துகொள்வோம். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று ஊர்ப்பெயர்களை நடத்துநர் சொல்லச் சொல்ல, அப்பா சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

டி.வி. வாங்கிய இடம், நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அப்போது புதிதாகக் கட்டி முடித்திருந்த ஒரு காம்ப்ளெக்ஸ். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டியவரின் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை இன்னும் முடிந்தபாடில்லை, இடையில் நான் எதற்கு. நாங்களும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊரில் வேறு காம்ப்ளெக்ஸ்கள் வந்த பிறகும் எங்கள் வீட்டில் ‘காம்ப்ளெக்ஸ்’ என்றால் அதுதான். கீழ்த்தளமும் இரண்டு மாடிகளும், நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றி நடைபாதை, மொத்தம் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான ஷட்டர்கள். லிஃப்டுக்கு இடம் விட்டிருந்தார்கள், லிஃப்ட் வரவேயில்லை. அந்தக் குழியில் பல ஆண்டுகள் அட்டைப் பெட்டிகளும் தெர்மகோலும் கிடந்தன. மேல்மாடிக் கடைகளின் தலையெழுத்தை அந்த வராத லிஃப்ட்தான் எழுதியது என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பும்போது வாடகை அம்பாசடரின் பின் இருக்கையில் பெட்டியைக் கிடத்திவிட்டு, அதன் மேல் கை வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் குனிந்து பார்த்தார். அவர் தேடியது பாட்டிலை. அப்பாவோ வரி கட்டாமல் கடத்திக்கொண்டு போவதாக நினைத்துவிடுவாரோ என்ற பதற்றத்தில், கேட்பதற்கு முன்பே பில்லை நீட்டி, “சொந்த உபயோகத்துக்குத்தான் சார்” என்றார். காவலர் பில்லை வாங்கக்கூட இல்லை. போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டார்.

அந்தப் பில்தான் காம்ப்ளெக்ஸின் அடித்தளம். பாண்டிச்சேரிக்குத் தனியான விற்பனை வரிச் சட்டம் இருந்தது. பல பொருள்களுக்கு அங்கே வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. டி.வி., ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் சைக்கிள் என்று விலை கூடிய எதை வாங்குவதானாலும் கடலூர், விழுப்புரம், பண்ருட்டி, திண்டிவனம் ஆகிய ஊர்க்காரர்கள் பாண்டிக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஊருக்குள் இருந்த சனத்தொகைக்கு அத்தனை டி.வி. கடைகள் தேவையே இல்லை. அவை எங்களை நம்பித் திறக்கப்பட்டவை.

பாண்டிக்கு இது புதிய பழக்கமும் அன்று. பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை, சுற்றிலும் ஆங்கிலேயர் நிலமும் நடுவே இவர்கள் நிலமுமாக, வயலுக்கு வயல் எல்லை மாறிக் கிடந்த பகுதி இது. வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் பேனாவும் சென்ட்டும் பாண்டியில் மலிவாகக் கிடைத்ததையும், அவை வரப்பு வழியே இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததையும் எங்கள் தாத்தா தலைமுறை கதை கதையாகச் சொல்லும். இன்னும் பின்னே போனால், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், அவர் தமது பாக்குக் கிடங்கில் உட்கார்ந்திருந்தபோது வந்து சேர்ந்த செய்திகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. கவர்னர் மாளிகை அரசியலை ஒரு பாக்குக் கடையில் உட்கார்ந்தபடி எழுதிய ஊர் இது. அவர் பெயரால் அழைக்கப்படும் ரங்கப்பிள்ளை வீதியும், ஒரு காலத்தில் துய்ப்ளே பெயரைத் தாங்கியிருந்த இன்றைய நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டின் இரு பக்கங்களாக இன்றும் இருக்கின்றன. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அது சட்டப்படியும் உறுதியானது. சுங்க எல்லை போயிற்று, ஆனால் யூனியன் பிரதேசம் என்பதால் வரி எல்லை நின்றது. கடைவீதி அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது.

காம்ப்ளெக்ஸின் தெருப் பக்கத்து ஆறு ஷட்டர்களில் நான்கு டி.வி. கடைகள், ஒன்று கைக்கடிகாரக் கடை, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆறாவது கேசட் கடை. படிக்கட்டின் சரிவு காரணமாகக் கடைக்காரர் கல்லாவில் உட்காரலாமே தவிரப் பின்பக்கம் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆனால் பதினைந்து ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது அங்கேதான்.

கல்லூரி நாட்களில் மாதம் ஒரு முறை அங்கே பட்டியலோடு போவோம். கோடு போட்ட தாளில் பாட்டின் முதல் அடி, படத்தின் பெயர், முன்பக்கமா பின்பக்கமா என்பது வரை எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. கடைக்காரர் தாளைப் படித்துக்கொண்டே மனத்துக்குள் நிமிடங்களைக் கூட்டி, “தம்பி, இந்தப் பக்கத்தில் ஐந்தாவது பாட்டு ஐந்தரை நிமிஷம். ஆறாவது பாட்டு சரணத்தோட அறுந்துடும். வேற எழுதுங்க” என்பார். ஒரு முறைகூட அவர் கணக்குத் தவறியதில்லை. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தேக்கில் செய்த ஒரு ஸ்டாண்டு. ஒரு கேசட் மட்டும் படுத்த வாக்கில் நுழையும் அளவுக்கு நூற்றுக்கணக்கான அறைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளைத் தாள் ஒட்டி நீல மையில் எண். ஸ்டாண்டு செய்த தச்சருக்குக் கூலியைத் தவணையில்தான் கொடுத்துத் தீர்த்ததாக அவரே ஒருநாள் சொன்னார். அனுமதியில்லாமல் பாட்டுப் பதிந்து விற்பது சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்கும் அவருக்கும் தெரியாமலில்லை. தெரிந்ததாக யாரும் காட்டிக்கொண்டதில்லை.

முற்றத்தைப் பார்த்த உள்கடைகளில் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. எஸ்.டி.டி. பூத் எல்லா ஊரிலும்தான் இருந்தது என்றாலும், பாண்டி பூத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா வீடுகளும் அந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களுடைய பிள்ளைகள் பாரீசில் இருந்தார்கள். குளிர்காலத்தில் நமக்கும் பாரீசுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். அங்கே மகன் வேலை முடிந்து வீடு சேரும்போது இங்கே இரவு பதினொன்றாகிவிடும். ஆகவே மற்ற கடைகள் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிய பிறகும் அந்தப் பூத்தில் மட்டும் விளக்கெரியும். கண்ணாடிக் கதவுக்குள் ஒரு அம்மா சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தமிழும் பிரெஞ்சுமாகப் பேசுவார். வெளியே பெஞ்சில் நான்கு பேர் வரிசைக்குக் காத்திருப்பார்கள். பூத்துக்குப் பக்கத்திலேயே அந்நியச் செலாவணி மாற்றும் கடை வந்தது அதனால்தான். 2002 தொடக்கத்தில் அதன் பலகையில் ‘பிராங்க்’ என்ற சொல்லின் மேல் வெள்ளையடித்து ‘யூரோ’ என்று எழுதினார்கள். பெயிண்ட் மெல்லியது என்பதால் வெயிலில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே தெரிந்தன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். முதல் மாடியில் இருந்த வீடியோ லைப்ரரி கேபிள் டி.வி. வந்ததும் மூடியது. அதே ஷட்டரில் கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு பிரவுசிங் சென்டர். முதலில் மணிக்கு அறுபது ரூபாய் வாங்கினார்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் இருபதுக்கு வந்தது, அதன் பின் ஆன்லைன் விண்ணப்பமும் ஜெராக்ஸும் மட்டும் மிஞ்சின. கலர் லேப் ஒன்று, ஃபிலிம் ரோல் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் படம் என்று எழுதி வைத்துத் திறந்தது. அக்கா கல்யாணத்தின் மூன்றாவது ரோலை அங்கேதான் தொலைத்தார்கள். எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டிய பிறகு நேராகப் பந்திதான். இப்போது நினைத்தாலும் அக்காவுக்குக் கோபம் வரும். எனக்கு, அந்த ரோலில் என்னென்ன இருந்தன என்பதே மறந்துவிட்டது.

இந்தக் கடைகளின் வரவு செலவை நிர்ணயித்த இன்னொன்று, கடலூர் சாலையில் இருந்த மில். 1898-இல் தொடங்கிய ரோடியர் மில்லை நாங்கள் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) என்றே அறிவோம். அதனுடன் சுதேசி, பாரதி என்று மூன்று பஞ்சாலைகள் ஊரைத் தாங்கின. 1936 ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்து, அதன் பின் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிக்கொண்ட ஊர் இது. மில் தொழிலாளி என்றால் அன்றைய கடைவீதியில் மதிப்பு. போனஸ் வந்த மறுநாள் காம்ப்ளெக்ஸில் நடக்க இடமிருக்காது என்று கைக்கடிகாரக் கடைக்காரர் சொல்வார். தவணை முறையில் கொடுக்கத் தயங்காத கடைகள் அவை; தொழிலாளியின் டோக்கன் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். மில்கள் நொடிக்கத் தொடங்கியபோது அந்த நோட்டுகள் பாரமாகின. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் பாண்டிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் ஏ.எஃப்.டி.யின் கூரைகளைப் பெயர்த்தது. காம்ப்ளெக்ஸில் இரண்டாம் மாடிக் கண்ணாடிகளை மொத்தமாக உடைத்தது. மில் 2020 ஏப்ரல் இறுதியில் ஒரேயடியாக மூடப்பட்டது. அந்த மாடியில் உடைந்த கண்ணாடிகளுக்குப் பதிலாக அடித்த பிளைவுட் பலகைகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன.

பாண்டிக் கடைகளுக்கு இருந்த இரண்டு பழக்கங்களும் கடலூர்க்காரர்களை ஆரம்பத்தில் திணற அடித்தவை. மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற வழக்கம் என்பார்கள். எங்களுக்கு ஓய்வு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அன்று போனால் மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் காந்தி வீதி நெடுகச் சண்டே மார்க்கெட் விரிந்திருக்கும்: ஏற்றுமதியில் கழித்த சட்டைகள், பழைய புத்தகங்கள், செருப்பு, திருகாணி, பிளாஸ்டிக் வாளி. ஆறு நாளும் கடைக்குள் ஆயிரம் ரூபாய்க்கு விற்பவரின் வாசற்படியில் ஏழாம் நாள் ஐம்பது ரூபாய்க்கு விற்பவர் உட்காருவார். காம்ப்ளெக்ஸ் வாசலிலும் பெல்ட் விற்கும் ஒருவர் ஞாயிறுதோறும் உட்கார்ந்தார். உள்ளே இருந்த கடைகள் இத்தனை மாறியும், அந்த இடம் மட்டும் கைமாறவே இல்லை. வாடகை இல்லாத இடம் நிலைக்கும் என்பதோடு, படி ஏற வேண்டாத இடம் நிலைக்கும் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

வரி வித்தியாசம் ஒரே நாளில் போய்விடவில்லை. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறைந்தபட்ச விற்பனை வரியை எல்லா மாநிலங்களும் ஒரே அளவில் வைக்க ஒப்புக்கொண்டன. 2007-இல் தமிழ்நாடு வாட் வரிக்கு மாறியது. ஒவ்வொரு படியிலும் பாண்டியின் விலை எங்கள் விலையை நெருங்கிக்கொண்டே வந்தது. டி.வி. கடைகள் நான்கும் மூன்றாகி, இரண்டாகி, கடைசியாக மிஞ்சிய ஒன்று 2017-க்கு முன்பே மூடிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, பாண்டியில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்குவதற்கும் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்குவதற்கும் வரியில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை என்றானது. ஜி.எஸ்.டி.க்குள் வராதவற்றில் முக்கியமானவை பெட்ரோலும் மதுவும். அதனால்தான் இன்றும் எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்குகளில் தமிழ்நாட்டு வண்டிகளின் வரிசை நிற்கிறது, ஆல்பேட்டையில் காவலர் இன்றும் குனிந்து பார்க்கிறார். என் அப்பா இருந்திருந்தால் பெட்ரோலுக்காகவாவது ஒரு நடை போய்வந்திருப்பார்.

எல்லைக்காக வந்தவர்கள் நின்ற இடத்தில் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவர்களுக்கு டி.வி. வேண்டாம்; கையால் செய்த காகிதம், ஊதுவத்தி, லினன் சட்டை, மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு படம் வேண்டும். தெருப் பக்கத்து ஆறு ஷட்டர்களில் மூன்றை இடித்து ஒன்றாக்கி ஒரு துணிக்கடை வந்திருக்கிறது. ஒரு நைட்டியின் விலையைக் கேட்டுவிட்டு என் மனைவி மெதுவாக அதை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தார். மீதியில் இரண்டில் கைப்பேசி உறை விற்கிறார்கள். ஒரு காலத்தில் ரீசார்ஜ் கூப்பன் விற்ற கடைகள் அவை. கூப்பனைச் சுரண்டிய வெள்ளித் தூள் வாசலெங்கும் கிடக்கும்.

இதற்கிடையில் கடலூர் சாலையில் பிராவிடன்ஸ் மால் வந்துவிட்டது. குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, மேலே பி.வி.ஆர். திரையரங்கம், சாப்பாட்டுக் கூடம், வண்டி நிறுத்த அடித்தளம். அது கடலூர் சாலையில் அமைந்ததை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் முதலியார்பேட்டையைக் கடந்ததுமே அதற்குள் நுழைந்துவிடலாம். பழைய ஊரின் ஒருவழிப் பாதைகளில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. என் பிள்ளைகளுக்குப் பாண்டி என்றால் அந்த மால்தான். கடைகளைவிட அவர்கள் படத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறார்கள். வாங்குவதைக் கைப்பேசியிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மாலின் மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. மே மாத மதியம் ஒரு மணிக்கு நேரு வீதி முழுக்கக் கதவடைத்துத் தூங்கும்போது, கழிவறையும் உட்கார நாற்காலியும் உள்ள ஓர் இடத்தை வயதான அம்மாவுடன் போகிற எவரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் அங்கே ஒரு கடை மூடினால் மறுநாளே ஃபிளெக்ஸ் தொங்கவிட்டு மறைத்துவிடுகிறார்கள். ‘விரைவில்’ என்று எழுதியிருக்கிறது. முன்பு என்ன கடை இருந்தது என்பது ஒரு மாதத்தில் யாருக்கும் நினைவிலிருப்பதில்லை. காம்ப்ளெக்ஸில் பழைய பலகையைக் கழற்றக்கூட யாரும் மெனக்கெட மாட்டார்கள். யூரோவுக்குக் கீழே பிராங்க் தெரிந்ததுபோல ஒவ்வொரு கடைக்கு மேலும் அதற்கு முந்திய கடை தெரிந்துகொண்டே இருக்கும்.

பாண்டியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரைத் தாங்கிய பெரிய மார்க்கெட்டையும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்று பேச்சு எழுந்தது. இடம் மாறினால் வாடிக்கை போய்விடும் என்று வியாபாரிகள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது, கூரை ஒழுகுவதையும் தரையில் மீன் தண்ணீர் ஓடுவதையும் தெரிந்தே. காய்கறிக்காரர் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலத்தில் காய்கறிக் கடைகளைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றியபோதே பார்த்தோம். வாங்க வந்தவர்கள் தங்கள் கடையைத் தேடி வரிசை வரிசையாக அலைந்தார்கள்.

சென்ற மாதம் ஒரு சட்டையைப் பிடித்துத் தைக்கக் காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் கீழ்த்தளம் முழங்கால் அளவு மூழ்கியதாம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது. முதல் மாடியில் திறந்திருந்தவை ஐந்து கடைகள். அவற்றில் ஒன்று, கட்டடம் திறந்த ஆண்டிலிருந்து அங்கேயே இருக்கும் தையல் கடை. பாய்க்கு எழுபது வயது இருக்கும். இப்போது புதுத்துணி தைக்க யாரும் வருவதில்லை என்றும், மாலிலும் கைப்பேசியிலும் வாங்கிய சட்டை பிடிக்காமல் போனால் இவரிடம்தான் வருகிறார்கள் என்றும் சொன்னார். “அங்க வாங்குறவங்களும் இங்கதான் வரணும் சார். அளவு யாருக்குச் சரியா இருக்கு?”

அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு தேக்கு ஸ்டாண்டு இருந்தது. ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறத்தில் நூல்கண்டு, விளிம்பில் நீல மையில் எண். கேசட் கடைக்காரர் காலி செய்தபோது எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். நூல்கண்டுக்கு அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்திவிட்டதாம். என் சட்டை வெளிர்நீலம். பாய் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, 214-ஆம் அறையிலிருந்து நூலை எடுத்தார்.